நீண்ட அதிர்வு

ஃபின்டன் பேக்கன் சாண்ட்விச்சில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தாளில் சுற்றி என்னிடமே நீட்டினான். சாஸ் போதவில்லை என்றான். காலை ஐந்தரை மணி. விம்பிள்டன் பூங்காவில் சீட்டுக்காக இரவெல்லாம் காத்திருந்தவர்கள் கூடாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை எண் அச்சிட்ட அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது. 212. முதல் ஐந்நூறு பேருக்குள் இருந்தால்தான் பெரிய ஆட்டக்களத்துக்குச் சீட்டு கிடைக்கும். அதற்காக என் தம்பி அந்த வாரம் முழுவதும் ஈரப் புல்லில் படுத்துக் கிடந்தான்.

"டென்னிஸ் பாக்கறதுக்கு ஒருத்தன் சம்பளம் தர்றான், ஊனா. அம்மாகிட்ட சொல்லியிருந்தா பளார்னு ஒண்ணு விட்டிருப்பா," என்றான். பிறகு, "அந்தப் பாதிய தூக்கிப் போட்டுடாதே. சாயங்காலம் வந்து திங்கறேன்."

சம்பளம் தந்தவன் டன்னிங். லண்டனின் டூட்டிங் பகுதியில் டயர் கடை வைத்திருந்தான். கடைக்கு மேல் ஓர் அறை, அதில் மூன்று கணினிகள். நான் பன்னிரண்டு வருடம் பந்தயக் கடையில் கல்லாவில் இருந்தவள். கடையை மூடியபோது எனக்கு மிஞ்சியது வேகமான விரல்கள் மட்டும்தான். ஃபின்டன் அதற்கு முந்தைய வருடமே தபால் வேலையை இழந்திருந்தான். எங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவனின் கணுக்காலை டன்னிங்கின் அடியாள் கோல் என்பவன் கார் ஜாக்கியால் நசுக்கிய கதை எங்களுக்குத் தெரியும். கோலே சிரித்துக்கொண்டு சொன்னான். தெரிந்துதான் போனோம்.

வேலை இதுதான். ஃபின்டனின் கால்சட்டைப் பையின் உட்புறத்தில் ஒரு சின்னப் பொத்தானை நான் தைத்து வைத்திருந்தேன். சர்வீஸ் போட்டவனுக்குப் புள்ளி என்றால் ஒருமுறை குட்டையாக அழுத்துவான். எதிராளிக்கு என்றால் இருமுறை. நீளமாக அழுத்தினால், எதையும் தொடாதே, பொறு என்று அர்த்தம். அவன் அழுத்தினால் என் மேசைமேல் இருக்கும் கைப்பேசி அதிரும். ஆட்டம் நடக்கும்போதே பந்தயப் பணம் கட்டுகிறவர்களின் திரைக்குப் புள்ளி வந்து சேரச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளுக்குள் நான் கட்டிவிட வேண்டும்.

வாரத் தொடக்கத்தில் அதிர்வு முடியும்வரை காத்திருந்தேன். டன்னிங் பின்னால் நின்று, இன்னும் சீக்கிரம், இன்னும் சீக்கிரம் என்றான். வியாழனன்று அதிர்வு தொடங்கியதுமே என் விரல் இறங்கிவிட்டது. இரண்டாவது அதிர்வு வந்தால் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்று பழகியிருந்தேன். டன்னிங் என் உச்சந்தலையில் முத்தமிட்டான். அவன் வாயில் வினிகர் வாடை.

நீண்ட அதிர்வும் குட்டை அதிர்வைப் போலத்தான் தொடங்கும். அந்த வாரம் முழுவதும் நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அவன் பாதி சாண்ட்விச்சைத் தந்த அன்று சனிக்கிழமை. வெயில் கொளுத்தியது. டன்னிங் அன்றைக்கு வேறு யாரோ ஒருவருடைய பணத்தையும் சேர்த்து இறக்கியிருந்தான். அந்த ஆளின் பெயரைச் சொல்லும்போது அவன் குரலே தணிந்துபோனது. முதல் செட்டில் சர்வீஸ் போடுகிறவன் ஆறுக்கு ஐந்து முன்னால் இருந்தான். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் செட் அவனுடையது. கைப்பேசி அதிர்ந்தது. என் விரல் இறங்கியது. இருந்த பணமெல்லாம் சர்வீஸ் போட்டவன் மேல் போயிற்று. அதன் பிறகும் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது.

தொலைக்காட்சி எங்களுக்கும் தாமதமாகத்தான் வரும். எதிராளி அடித்த பந்தை வெளியே என்று கோட்டு நடுவர் கத்தியதையும், எதிராளி ஒற்றை விரலைத் தூக்கி முறையிட்டதையும், பந்து கோட்டைத் தொட்டிருப்பதைப் பெரிய திரை காட்டியதையும் பிறகுதான் பார்த்தேன். கூட்டம் ஒரே தாளத்தில் கை தட்டியது. அந்தப் புள்ளியை மறுபடி ஆடினார்கள். சர்வீஸ் போட்டவன் அதை இழந்தான், பிறகு செட்டை, பிறகு ஆட்டத்தை.

டன்னிங் கத்தவில்லை. ஜன்னலைச் சாத்தினான். தம்பியைக் கூப்பிடு என்றான்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஃபின்டனுக்கு, 'உடனே வா' என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

ஐந்து மணிக்குப் பேருந்தில் வந்து இறங்கினான். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. கையில் எனக்காக ஒரு டப்பா ஸ்ட்ராபெர்ரியும் க்ரீமும். சரியாகச் சைகை கொடுத்துப் பணத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே அவன் நினைத்திருந்தான். கீழே டயர் கழற்றும் இயந்திரத்தின் அருகில் டன்னிங் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இரும்புக் கதவை கோல் இறக்கிவிட்டான்.

"அந்தப் பந்துக்கு எப்படி அழுத்தின?" என்றான் டன்னிங்.

ஃபின்டன் பதில் சொல்லத் தொடங்கியவன் என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே என் முகத்தில் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். டப்பாவை டயர் அடுக்கின் மேல் வைத்தான்.

"குட்டையா அழுத்திட்டேன்," என்றான். "அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடது."

கோல் அவன் வலது கையைப் பிடித்து இயந்திரத்தின் தாடைக்குள் வைத்தான். சக்கர விளிம்பிலிருந்து டயரைப் பிரிக்கிற தாடை அது. மிதிகட்டையை மிதித்தான். கட்டைவிரல் உடைந்த சத்தம், ஈர விறகு முறிவது போல் இருந்தது. ஃபின்டன் அலறினான். இரண்டாவது முறை மிதித்தபோது அவன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

அப்போது கத்தினேன். நான்தான், நான்தான், அவன் நீளமாகத்தான் அழுத்தினான் என்று.

டன்னிங் என் பக்கம் திரும்பினான். "தெரியும் செல்லம். நீ எந்த நொடியில தட்டினன்னு கணினியிலயே இருக்கே. ஆனா திங்கக்கிழமைக்கு உன் விரல் எனக்கு வேணும். அவன மாதிரி பொத்தான் அழுத்த யார் வேணாலும் கிடைப்பான்."

ஃபின்டன் அதைக் கேட்டான். இடது கையால் டயர் நெம்புகோலை எடுத்து கோலின் முகத்தில் அடித்தான். பல் தெறித்தது. கோல் நெம்புகோலைப் பிடுங்கித் திருப்பி அடித்தான். தோளில் ஒன்று. விழுந்த பிறகு தலையில் இரண்டு. டன்னிங் போதும் என்றான். தலையில் இன்னும் ஓர் அடி அடித்த பிறகுதான் கோல் கையை நிறுத்தி நெம்புகோலைக் கீழே போட்டான்.

அதை நான் எடுத்தேன். டன்னிங் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் அவன் தாடையில் இறக்கினேன். இன்னொரு முறை. மூன்றாவது முறையும் இறக்கியிருப்பேன். கோல் என் விலா எலும்பு இரண்டை உதைத்து முறித்தான். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டே போலீசைக் கூப்பிட்டார். நான் ஃபின்டனின் தலையை மடியில் வைத்திருந்தேன். என் மடி சூடாக நனைந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது.

டன்னிங்குக்கும் கோலுக்கும் நீண்ட தண்டனை கிடைத்தது. சாட்சிக் கூண்டில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் விரலைப் பற்றியும். டன்னிங்கின் வக்கீல் எழுந்து, ஃபின்டன் தானே தப்பாக அழுத்தியதாக ஒப்புக்கொண்டானே என்றார். தம்பி செய்த பிழையை அக்கா தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்றார். நான் இல்லை என்றேன். ஜூரியில் இருந்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஃபின்டன் இறந்த பிறகு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனபோது பாதி சாண்ட்விச் குளிர்பெட்டியில்தான் இருந்தது. பல மாதங்கள் அதை எடுக்க முடியவில்லை.

நிபுணர் ஒருவர் கைப்பேசியின் பதிவை நீதிமன்றத்தில் வாசித்தார். அன்று மதியம் அந்தப் பொத்தான் நூற்று நாற்பத்தேழு முறை அழுத்தப்பட்டிருந்தது. அந்தப் பந்துக்கான வரியை அரசு வக்கீல் மறுபடி வாசிக்கச் சொன்னார். நிபுணரும் வாசித்தார்.

ஓர் அழுத்தல். நீளம், இரண்டு நொடி.