கயல்விழி கேட்ட பாட்டு

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் கயல்விழிக்குச் சினிமாப் பாட்டு ஏறாது. தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடுகிறவர்கள்தான் அவளுக்கு உயிர். அதிலும் ‘ஈரப்புழுதி’ என்ற இசைக்குழு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

அந்தக் குழு ஞாயிறு மதியம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பாடப்போவதாகத் தெரிந்ததும் கிளம்பிவிட்டாள்.

“காலேஜ் புள்ளைங்க ஆடற எடத்துல உனக்கென்ன வேல? பாக்கறவங்க சிரிப்பாங்க” என்றான் கணவன் குணசீலன்.

“சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. நான் போய்ட்டு வாரேனுங்க.”

காப்பிக் கடை மாடியில் கச்சேரி. வாசலில் நின்ற பெண், “பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்தீங்களாம்மா? கீழ உக்காருங்க” என்றாள்.

“பாட்டுக் கேக்க வந்தேன் சாமி” என்று டிக்கெட்டைக் காட்டிவிட்டு, கயல்விழி நேராக முன்வரிசையில் போய் நின்றாள். இரண்டு பேர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் நகரவில்லை. கிடார் ஒலித்ததும் வாய்விட்டுப் பாடினாள். தாளம் தப்பியது, அப்போதும் நிறுத்தவில்லை.

நடுவில் குணசீலன் போன் செய்தான். “ஊட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க. நீ எங்கேன்னு கேட்டா என்னத்தச் சொல்றது?”

“உள்ளதச் சொல்லுங்க. இன்னும் நாலு பாட்டு இருக்குது, முடிஞ்சாத்தான் வருவேன்.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, தனக்குப் பிடித்த பாட்டைச் சொல்லி மேடையைப் பார்த்துக் கத்தினாள்.

“அத ஒத்திகை பாக்கலீங்களேக்கா!” என்றாள் பாடகி.

“தப்பாப் பாடுனாலும் பரவால்ல. பாடுங்க!”

பாடினார்கள்.