முழுசாகத் தெளிய எவ்வளவு நேரம்

அரை மணி நேரம் என்று யார் சொன்னாலும் பூட்டுக்காரர் நம்பமாட்டார். நாற்பது வருடமாக அவரே அந்தப் பொய்யைச் சொல்லித்தான் பிழைப்பை ஓட்டினார். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவனிடம் "அரை மணியில வர்றேன்" என்பார். போய்ச் சேரும்போது அவன் படியிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பான். அதனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா, "ஆபரேஷன் முடிஞ்சு அரை மணி நேரத்துல உங்க வீட்டம்மா கண்ணு முழிச்சிடுவாங்க, பெரியவரே" என்றபோது, சாயங்காலம் ஆகும் என்று அவர் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்.

"முழுசாத் தெளிய?"

"ஒரு நாள். வயசானவங்களுக்கு ரெண்டு நாள்கூட ஆகலாம். அதுவரைக்கும் முன்னே பின்னே ஏதாச்சும் பேசுவாங்க. பயப்படக்கூடாது." டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினார். "சரி, வீட்ல எப்படி? தெளிவாப் பேசுறாங்களா? மறதி, குழப்பம் ஏதாவது?"

"தெளிவாத்தான் பேசுவா. சுவத்துக்கிட்ட."

பேனா நின்றது. "யாருகிட்ட?"

"சுவத்துக்கிட்டம்மா. சமையலறைச் சுவர். சில நாள் ஃபிரிட்ஜ்கிட்ட."

கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. டாக்டரம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, என்னவோ எழுதி அடியில் கோடும் போட்டார்.

பித்தப்பையில் கல். பெரிய ஆபரேஷன் இல்லை என்றார்கள். பெரிதில்லை என்றால் எதற்கு இத்தனை கையெழுத்து என்று அவருக்குச் சந்தேகம். தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனபோது மனைவி மேலே எரிந்த விளக்கைப் பார்த்து, "அடுப்பை அணைச்சேனான்னு யாராவது போய்ப் பாத்தாத் தேவலை" என்றாள். அவர் பக்கத்திலேதான் நடந்துகொண்டிருந்தார். "அணைச்சாச்சு" என்றார், அவரும் விளக்கைப் பார்த்து.

விஷயம் இதுதான். மனைவிக்கு ஒரு தம்பி. வீட்டில் சின்னவன் என்பார்கள். எந்த வேலையிலும் நிலைக்காத ஆள். அவனுக்குக் கை சுத்தமில்லை என்று எவனோ ஒருவன் பூட்டுக்காரர் காதில் ஓதியிருந்தான். சின்னவன் பத்து நாள் தங்கலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தான். இரண்டாம் நாள் அவன் முடிவெட்டப் போன நேரம் பார்த்து, இவர் அவன் தங்கியிருந்த உள்ரூமுக்குப் புதுப் பூட்டு ஒன்றை மாட்டினார். அவன் துணிப்பையை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சின்னவன் திரும்பி வந்தான், பையைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான். நல்ல பூட்டு என்றுகூடச் சொன்னான். அக்கா போட்ட டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். நாலாம் மாதம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நெஞ்சடைத்துச் செத்துப்போனான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், அன்றிலிருந்து புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வந்துவிடும். "தட்டு வச்சாச்சு" என்று சுவரிடம் சொல்வாள். பதினோரு மாதம்.

அவள் ஆரம்பிக்கட்டும் என்று இவரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார். அந்த வீம்பை மட்டும் அவர் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

தள்ளுவண்டி உள்ளே போய் ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவரைக் கூப்பிட்டார்கள். ஆபரேஷன் ஆனவர்களைக் கண்முழிக்கும்வரை வைத்திருக்கிற நீள அறை. குளிர் எலும்பைத் தொட்டது. மனைவிக்கு இரண்டு கம்பளி போர்த்தியிருந்தும் உதடு நடுங்கியது. நர்ஸ் பெண் அவள் கன்னத்தைத் தட்டி, "அம்மா, யார் வந்திருக்கா பாருங்க" என்றாள்.

அவள் கண்ணைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து அவரையே பார்த்தாள். குழாய் போட்டு எடுத்த தொண்டை கரகரத்தது.

"ஏங்க… சாப்பிட்டீங்களா?"

பூட்டுக்காரர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"என்னையா கேக்குற?"

"பின்ன? பக்கத்து பெட்காரரையா கேக்குறேன்? கிட்ட வாங்க. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க."

"புருஷனை நல்லா அடையாளம் தெரியுது" என்று நர்ஸ் பெண் சிரித்தாள். "தெளிஞ்சுட்டாங்க."

அவர் இரண்டடி கிட்டப் போனார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கல்லோடு சேர்த்து அந்தக் கோபத்தையும் எடுத்துப் போட்டுவிட்டார்களோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது.

"சின்னவன் வந்தா உள்ரூமைத் திறந்து விடுங்க" என்றாள் அவள். "குளிச்சுட்டு சட்டை மாத்தணும்னான்."

அவர் நழுவிய கம்பளியை அவள் தோள்வரை இழுத்துவிட்டார்.

"வந்தானா?"

"வந்துக்கிட்டிருக்கான்."

"பூட்டியிருக்குன்னு கோச்சுக்கப்போறான்."

"திறந்துதான் வச்சிருக்கேன். நீ தூங்கு."

அவள் சிரித்தபடியே கண்ணை மூடினாள்.

"யாரு சின்னவன்?" என்று நர்ஸ் பெண் கேட்டாள்.

"அவ தம்பி. செத்துட்டான்."

நர்ஸ் பெண்ணின் சிரிப்பு அடங்கியது. "அப்ப இது மருந்து பேசுற பேச்சு, ஐயா. நாளைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது."

"எதுவுமேவா?"

"எதுவுமே. கவலைப்படாதீங்க, சீக்கிரம் தெளிஞ்சிடும்."

இந்த ஒரு விஷயத்தில் நர்ஸ் பெண் சொன்னதை அவர் அப்படியே நம்பினார். ஒரு நல்லது தனக்கு நிலைக்காது என்று யாராவது சொன்னால், அதை நம்புவதில் அவருக்குச் சிரமம் இருந்ததில்லை.

மத்தியானம் வார்டுக்கு மாற்றினார்கள். சின்ன ஆஸ்பத்திரி, அங்கேயும் அதே நர்ஸ் பெண்தான். அவர் சாப்பிடப் போகவில்லை. போன நேரத்தில் அவள் எதையாவது பேசிவிட்டால்? அவள் தூங்கினாள், விழித்தாள், நாலு வார்த்தை பேசினாள், மறுபடி தூங்கினாள். சட்டையில் பட்டன் போயிருக்கிறது, கழற்றிக் கொடுங்கள் என்றாள். அவர் கையை எடுத்து மூக்கருகே வைத்து, "குளிச்சாலும் போகாது இந்த இரும்பு வாடை" என்றாள். விடவும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் மழைக்கு ஒதுங்கிய ஒரு கடை வாசலைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, நடுவிலேயே தூங்கிப்போனாள். அந்தக் கதையின் மீதியைக் கேட்க அவர் குனிந்தபடியே இருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மணிக்கு ஒரு தரம் நர்ஸ் பெண்ணிடம் போய், "தெளிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். பொண்டாட்டி மேல் எத்தனை உயிர் என்று அந்தப் பெண் மற்றவர்களிடம் சொல்லிப் பூரித்தாள். எல்லாரும் சீக்கிரம் தெளியட்டும் என்று கேட்கிற கேள்வியை இவர் எந்த அர்த்தத்தில் கேட்டார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"தண்ணி அப்பப்ப கொடுங்க ஐயா, மருந்து சீக்கிரம் வெளிய போயிடும்" என்றாள்.

அடுத்த தடவை அவர் தம்ளரில் பாதிதான் ஊற்றினார். பிறகு மனசு கேட்கவில்லை. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு நிரப்பினார்.

மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றும் யோசித்தார். நாளைக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை. ஆனால் அது ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, தட்டினேன் என்று சொல்லிக்கொள்கிற வேலை. வேண்டாம் என்று விட்டார்.

காலையில் வெயில் கட்டிலுக்கு வந்தபோது அவள் கண் விழித்தாள். கண்ணில் கலக்கம் இல்லை. அவரைப் பார்த்தாள், கொஞ்ச நேரம். பிறகு இடப்பக்கச் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"யாராவது தண்ணி கொடுத்தாக் குடிக்கலாம்."

அவர் கொடுத்தார். தம்ளரை வாங்கும்போது விரல் படாமல் வாங்கினாள். குடித்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள்.

டாக்டரம்மா காகிதக் கட்டோடு வந்தார். இது எந்த இடம், என்ன கிழமை, எதற்கு ஆபரேஷன் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் வந்தது.

"வீட்டுக்காரர் தூங்கினாரா?"

"கண்ணு செவந்து கிடக்கிறதைப் பாத்தாத் தெரியலையா? நீயே சொல்லு" என்றாள் அவள், சுவரிடம்.

டாக்டரம்மா கோடு போட்ட பக்கத்தைத் தேடி எடுத்தார். முகம் மாறியது. "நேத்து உங்ககிட்ட நேரா பேசியிருக்காங்க. இன்னிக்கு மறுபடி சுவர். வீட்லயே இருந்திருக்கு வேற. தெளிய நேரமாகுதா, இல்ல தலையில ஏதாவதான்னு தெரியணும், பெரியவரே. ஸ்கேன் எடுத்துடலாம்."

"வேணாம்மா. அவ தெளிஞ்சுட்டா. நேத்துதான் தெளியாம இருந்தா."

"புரியல."

மனைவியின் முதுகு அசையவில்லை. நர்ஸ் பெண் மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காமலே காலம் தள்ளிய மனுஷன். இப்போது திறக்காவிட்டால் இவளைக் கொண்டுபோய் அந்தக் குழாய் மிஷினுக்குள் படுக்கவைத்துவிடுவார்கள்.

"என்கிட்ட பேசக்கூடாதுன்னுதாம்மா சுவத்துக்கிட்ட பேசுறா. கோளாறு அவ தலையில இல்ல. என் தலையில. அவ தம்பியைத் திருடன்னு நெனச்சு, பையைத் தூக்கி வெளிய வச்சுப் பூட்டுப் போட்டேன். அவன் ஒண்ணும் எடுக்கல. எடுக்கிற ஆளும் இல்ல. அவன் உயிரோட இருக்கும்போதே எனக்கு அது தெரிஞ்சுபோச்சு. போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. செத்துட்டான்."

டாக்டரம்மா கோடு போட்டிருந்ததை அடித்தார். பேனாவை மூடினார். "ஸ்கேன் வேண்டாம்" என்று நர்ஸ் பெண்ணிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்த முதுகைப் பார்த்தே பேசினார் பூட்டுக்காரர். "இன்னொண்ணு இருக்கு. நேத்து நீ சின்னவனைக் கேட்ட. வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். ரூமு திறந்திருக்குன்னேன். ரெண்டும் பொய்."

வெளியே ஒரு தள்ளுவண்டி கடகடத்துப் போய்த் தேய்ந்தது. அவள் வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புரண்டாள். தூக்கிவிடப் போனவரைக் கையாலேயே தடுத்தாள். முழுசாகத் திரும்பியதும் மூச்சு வாங்க அவர் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அதில் மன்னிப்பு இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"நான் அவனைக் கேட்டேனா?"

"கேட்ட."

"உங்களையா கேட்டேன்?"

"என்னைத்தான்."

"வேற என்ன சொன்னேன்?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல் சொல்ல ஆரம்பித்தார். அந்த மழையும் கடை வாசலும் வந்தபோது, "அது அந்தக் கடையில்ல" என்று அவள் நேராக அவரிடமே சண்டைக்கு வந்தாள். சொல்லி முடித்தால் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிவிடுவாளோ என்று இருந்தது அவருக்கு. அதனால் மெதுவாகத்தான் சொன்னார்.