அடுத்த வீட்டு எண்ணெய்த் துணி

சிக்ஸ்டன் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, பொம்மைக் கப்பலின் பாய்மரத்தை இடுக்கியால் பிடித்தபடி பசை காய்வதற்குக் காத்திருந்தார். மே மாதத்துச் சனிக்கிழமை. குளிர் விட்டு நல்ல வெயில் வந்துவிட்டால் எங்கள் வரிசை வீடுகளில் யாரும் சும்மா இருப்பதில்லை. ஒரு வீட்டில் சுத்தியல், ஒரு வீட்டில் ரம்பம், இன்னொரு வீட்டில் பெயிண்ட் வாடை. சுவீடனில் ஆள் வைத்து வேலை வாங்கினால் கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம். எல்லாம் நானே செய்தேன் என்று திங்கட்கிழமை ஆபீசில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மார்பளவு வேலிச்செடிக்கு அந்தப் பக்கம் மால்தே தன் பின்வாசல் மரத்தளத்துக்கு எண்ணெய் பூசி முடித்துக்கொண்டிருந்தான். அவனும் அவன் மனைவி தூவாவும் போன வருடக் கடைசியில் கைக்குழந்தையோடு குடிவந்தவர்கள். பழைய வீட்டை வாங்கிவிட்டு, கிடைக்கிற ஓய்வு நாளெல்லாம் அதைப் புதுசாக்குவதிலேயே கழிக்கிற ஜோடி. மால்தே எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். வேலை முடிந்ததும் எண்ணெய் துடைத்த துணிகளை எல்லாம் பொறுக்கி, கசக்கி, பெரிய காகிதப் பைக்குள் திணித்தான். முந்தின நாள் இழைத்த மரத்தூளும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. வாயை அழகாக மடித்து, பையை மரக்கொட்டகைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனான்.

சிக்ஸ்டனின் கையிலிருந்த பாய்மரம் சாய்ந்தது.

அது ஆளிவிதை எண்ணெய். காயும்போது சூடாகிற எண்ணெய். துணியை விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். தண்ணீரில் முக்கினாலும் கவலையில்லை. கசக்கித் திணித்து வைத்தால் சூடு உள்ளேயே அடைந்து அடைந்து, தீக்குச்சி இல்லாமலே தீ பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு எண்ணெய் பூசிப் பழகியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான் இது. எண்ணெய் டப்பாவிலேயே போட்டிருக்கும். ஆனால் டப்பாவை யார் படிக்கிறார்கள்? மால்தே கண்ட இடத்தில் துணியை வீசிவிட்டுப் போகிற சோம்பேறியாக இருந்திருந்தால் ஆபத்தே இல்லை. அவனுடைய ஒழுங்குதான் வினையாகிவிட்டது.

சிக்ஸ்டன் எழுந்தார். அடுப்படியில் நின்றிருந்த அவர் மனைவி ஹில்லெவி, எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஹில்லெவியின் முகம் சுருங்கியது.

"மார்ச் மாசம் நடந்தது மறந்துபோச்சா உனக்கு?"

மறக்கவில்லை. மார்ச்சில் மால்தே கூரையோரம் மழைநீர்க் குழாய் மாட்டியபோது, சாய்வு போதாது என்று சிக்ஸ்டன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தார். மால்தே ஏணியில் நின்றபடியே "நன்றி" என்றான். எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லை வைத்துக் கதவையும் சாத்தலாம். அன்று சாத்தினான். அதற்குப் பிறகு சிக்ஸ்டன் குப்பை கொட்ட வெளியே வருவது தெரிந்தால் அவன் வாசலுக்குள்ளேயே நின்று, அவர் போன பிறகுதான் வருவான். இது எங்கள் தெருவில் புதிதுமில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச நேர்ந்துவிடுமோ என்று கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"படிச்ச பையன், பாத்துக்குவான். நீ போய் நின்னா, கிழவன் மறுபடி வந்துட்டான் பாருன்னு நெனைப்பான்" என்றார் ஹில்லெவி.

சிக்ஸ்டன் உட்கார்ந்தார். பசையை எடுத்தார், வைத்தார். பையைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நேராகச் சொல்லாமல், பேச்சுவாக்கில் சொல்வது போலச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை தோன்றியது. கத்தரியை எடுத்துக்கொண்டு, வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத வேலிச்செடியை வெட்டப் போனார்.

மால்தே ஒரு பலகையோடு வெளியே வந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தாகிவிட்டது, இனி ஓடி ஒளிய முடியாது.

"நல்ல வெயில்" என்றார் சிக்ஸ்டன்.

"ஆமா."

"தளத்துக்கு எண்ணெய் போட்டாச்சு போல."

"ஆமா" என்று சொல்லி, மால்தே அந்த நீளமான தளத்தை ஒரு பார்வை பார்த்தான். அதில் இப்போது என்ன குற்றம் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. சிக்ஸ்டனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்ட வார்த்தை திரும்பிப் போனது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மால்தே தலையசைத்துவிட்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் கூடத்திலிருந்து தரை தேய்க்கும் இயந்திரம் அலறத் தொடங்கியது. ஜன்னல் வழியாக, அவன் பெரிய காதுமூடி மாட்டிக்கொண்டு குனிந்திருப்பது தெரிந்தது.

சிக்ஸ்டன் உள்ளே வந்து கத்தரியை மேசைமேல் வைத்தார். சொல்லிட்டியா என்று ஹில்லெவி கேட்டதற்கு, வெயிலைப் பற்றிப் பேசினோம் என்றார். தன்மேலேயே அவருக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்த வேளையில் தூவா தள்ளுவண்டியோடு பின்வாசலுக்கு வந்தாள். குழந்தை ஆல்வே தூங்கும் நேரம். வீட்டுக்குள் தூசியும் இரைச்சலும். இல்லாவிட்டாலும் இங்கே குழந்தைகள் பகலில் வெளிக்காற்றில்தான் தூங்கும், பனிக்காலத்தில்கூட. அவள் வெயில் படாத, காற்று அடிக்காத இடம் தேடினாள். கொட்டகையின் இறவாரத்துக்குக் கீழே நிழல் இருந்தது. அங்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டி, கொசுவலையை இழுத்துவிட்டாள். வண்டியின் சக்கரம் அந்தக் காகிதப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் மாடிக்குப் போய்க் குளியலறையில் ஓடு ஒட்டத் தொடங்கிவிட்டாள்.

"ஹில்லெவி" என்று கூப்பிட்டார் சிக்ஸ்டன். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

ஹில்லெவி வந்து பார்த்தார். இப்போது அவரும் தடுக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் உடனே ஓடவில்லை, அதுதான் கொடுமை. எப்படிச் சொல்வது, யார் சொல்வது, வாசல் மணியை அடித்தால் அந்த இரைச்சலில் கேட்குமா, அவர்கள் பின்வாசலுக்குள் கேட்காமல் நுழைந்தால் என்ன நினைப்பார்கள் என்று நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார் ஹில்லெவி. குடிவந்து இத்தனை மாதமாகியும் யாரும் யாரிடமும் நம்பர் வாங்கியிருக்கவில்லை.

அப்போது மடித்த பையின் வாயிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. வெயிலில் சரியாகக்கூடத் தெரியாத புகை.

சிக்ஸ்டன் வாசலைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. வருடக்கணக்காகத் தானே வெட்டி வளர்த்த வேலிச்செடிக்குள் உடம்பைச் செருகிப் பாய்ந்தார். முள் முகத்தைக் கிழித்தது. கால் மாட்டி அந்தப் பக்கம் குப்புற விழுந்தார். எழுந்திருக்கும்போதே பை குப்பென்று பற்றிக்கொண்டது, கொசுவலையின் ஓரம் சுருங்கத் தொடங்கியது. சக்கரப் பூட்டு எங்கே என்று தேட நேரமில்லை. வலையைப் பிய்த்தெறிந்து, குழந்தையைப் போர்வையோடு வாரி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். தூக்கம் கலைந்த ஆல்வே வீறிட்டான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் சிக்ஸ்டன் ஓட்டத்தை நிறுத்திப் புல்லில் உட்கார்ந்தார்.

ஹில்லெவி சுற்றி ஓடி வந்து, மழைநீர்ப் பீப்பாயிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றினார். மாடி ஜன்னலில் தூவாவின் முகம் தெரிந்தது, மறைந்தது. மால்தே காதுமூடியோடே ஓடி வந்தான். தீ அணைந்தபோது கொட்டகைச் சுவர் கரியாகி, தள்ளுவண்டியின் ஒரு பக்கம் உருகித் தொங்கியது.

தூவா குழந்தையை வாங்கி விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒரு கொப்புளமும் இல்லை. மால்தே சிக்ஸ்டனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். தொட்டுப் பேசுகிற வழக்கமே இல்லாத தெருவில் அவன் அந்தக் கிழவரின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். நீங்கள் இல்லாவிட்டால் என் பிள்ளை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்தப் பாராட்டைச் சிக்ஸ்டனால் தாங்க முடியவில்லை. வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"என்னைப் புகழாதீங்க. அந்தப் பையில என்ன இருக்குன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்" என்றார்.

மால்தே கையை விட்டான்.

"காலையிலேயேவா?" என்று தூவா கேட்டாள்.

"வேலிகிட்ட வந்து நின்னேன். சொல்ல வாய் வரலை. உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெனைச்சேன்."

தன் தவறு அது என்று மால்தே முணுமுணுத்தான். டப்பாவில் எழுதியிருந்ததைத் தான்தான் படிக்கவில்லை, மார்ச்சில் அவரை அப்படி வெட்டிப் பேசியதும் தான்தான் என்றான். தூவா அவன் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு சிக்ஸ்டனையே பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"நீங்க சொல்லியிருந்தா எங்களுக்குக் கோபம் வந்திருக்கும். ஒரு மாசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருப்போம். அவ்வளவுதானே சிக்ஸ்டன்? அந்தக் கோபத்துக்குப் பயந்துதானா என் பிள்ளைய நெருப்புப் பக்கத்துல விட்டுட்டு ஜன்னல்ல உக்காந்திருந்தீங்க?"

தூவா உள்ளே போனாள். சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்து, முகத்தில் ரத்தம் வழிகிறது, துடைத்துக்கொள்ளுங்கள் என்று ஈரத்துணி ஒன்றைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சிக்ஸ்டன் முகத்தில் பிளாஸ்திரியோடு தெருவில் நடந்தார். எந்த வீட்டில் எண்ணெய் வாடை வந்ததோ அந்த வீட்டின் மணியை எல்லாம் அடித்தார். கடைசி வீட்டில் ரூனே இருந்தார். தோட்டத்து பெஞ்சுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, துணியைக் கசக்கி ஒரு வாளிக்குள் போட்டிருந்தார். சிக்ஸ்டன் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் முப்பது வருஷமா எண்ணெய் போடுறேன். என் வீட்டு வாளிக்குள்ள என்ன கெடக்குன்னு பாக்குறது உங்க வேலையா?"

வேறு நாளாக இருந்தால் சிக்ஸ்டன் மன்னிப்புக் கேட்டுத் திரும்பியிருப்பார். இன்று வாசற்படியை விட்டு நகரவில்லை.

"ஆமா, என் வேலைதான். பக்கத்துல ஒரு ஆபத்து கண்ணுல பட்டா அதைச் சொல்றது எல்லாரோட வேலையும்தான். சொல்லாம இருக்கிறது மரியாதையில்லை ரூனே, அது கோழைத்தனம். மொதல்ல அந்தத் துணியத் தண்ணியில முக்குங்க, அப்புறம் என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. நான் இங்கேயேதான் நிக்கிறேன்."