சுண்ணாம்புக் கோடு

போன வருஷம் அமிர்தவள்ளி தன் டீச்சருக்குக் கொண்டுபோனது எலுமிச்சம்பழம். அதைத் தனகோடி மறந்துவிட்டாள். மகள் மறக்கவில்லை.

ஆம்பூரில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், கோடை விடுமுறைக்கு முந்தின நாள் பிள்ளைகள் வரிசையாக வந்து, தங்களால் ஆனதை டீச்சரின் மேஜைமேல் வைப்பது வழக்கம். சௌந்தரம் டீச்சர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கொடுத்தவளின் பெயரைச் சொல்லி, வகுப்புக்கே தெரியும்படி உயர்த்திக் காட்டி, "ரொம்ப சந்தோஷம்" என்பார். ஒருத்தியையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்குப்பிள்ளை மகள் வைத்த ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவுக்கு அடுத்தபடியாக அமிர்தத்தின் எலுமிச்சம்பழம் உயர்ந்தபோது, பின்னாலிருந்து ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தோல் நாத்தம் அடிக்குது டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் பழத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, "எனக்கு எலுமிச்சை வாசனைதான் வருது" என்றாராம்.

"டீச்சர்தான் நல்ல மாதிரி சொல்லிட்டாங்களே, அப்புறம் இன்னா?" என்றாள் தனகோடி.

"அவங்க சொன்னாங்க. அவளுங்க வருஷம் பூரா என்னை எலுமிச்சங்கா, எலுமிச்சங்கான்னு கூப்ட்டாளுங்க. இந்தத் தபா ஒண்ணும் வேணாம். நான் அன்னைக்கி ஸ்கூலுக்கே போவல."

சொல்லிவிட்டு அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகெலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. தனகோடிக்கு மகள்மேல் வந்தது இரக்கம் இல்லை, கோபம். அந்தக் கோபம் யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. தன் கைகளை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசனையும் தெரியவில்லை. தோல் கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த நாற்றம் தெரியாது என்பதே அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் இஷ்தியாக் அகமது பாயின் தோல் கிடங்கில், ஆட்டு ரோமத்தை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டே வஹீதாவிடம் இதைச் சொன்னாள். வஹீதா அவளைவிட மூத்தவள், புருஷனை இழந்தவள், வாய் ஓயாதவள்.

"வளையல் வாங்கிக் குடு."

"வேதக்காரங்கக்கா, மாதாகோவிலுக்குப் போறவங்க. அந்தம்மா வளையல் போடாது, பூ வைக்காது, வெத்தல போடாது."

"அப்ப ஒரு கோழி குடு."

"டீச்சர் கையில தூக்கிக் காட்டுவாங்களே. கோழியத் தூக்கினா இன்னா ஆவும்?"

வஹீதா ரோமக் கூடையைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "உன் வீட்டுக்காரனக் குடுடி. செலவும் கம்மி, தூக்கிக் காட்டவும் லேசு."

தனகோடியும் சிரித்தாள். சிரிக்கும்போதே, மகள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. குனிந்து குனிந்து பலகை திருத்தி டீச்சருக்குக் கழுத்து வலி. அவர் தலையணை கல்லாகிவிட்டதாம்.

தலையணை. ரோமத்தில் ஒரு தலையணை. கடையில் வாங்க முடியாதது. கணக்குப்பிள்ளை மகளுக்குத் தோன்றாதது. மெத்தென்று, தூக்கிப் பிடித்தால் வகுப்பே வாய் பிளக்கும்படி.

தோல் கட்டுகளைப் பிரிக்கும்போது தரையில் உதிர்வதைக் கூட்டி அள்ளிக்கொள்ளப் பெண்களுக்கு உரிமை உண்டு. பாய் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது சாணமும் உப்புமாகச் சிக்குப் பிடித்துக் கிடக்கும். அதற்கும் ஐந்தாறு பேர் கை நீட்டுவார்கள். ஒரு தலையணைக்குச் சேர்ப்பதற்குள் பள்ளிக்கூடம் மூடிவிடும்.

அந்த வாரம்தான் வடக்கேயிருந்து வந்த கட்டு ஒன்றைப் பிரித்ததும் மேஸ்திரி கையை உயர்த்தி நிறுத்தினார். தோலின் உட்பக்கம் ரத்தம் கறுப்பாக உறைந்திருந்தது. மனுஷருக்கும் தொற்றும் அடைப்பான் நோய் கண்டு செத்த ஆடு. அப்படிப்பட்டதை யாரும் தொடமாட்டார்கள். மூலையில் தள்ளி, சுற்றிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஆற்றோரம் குழி வெட்டிப் புதைக்கும்வரை அப்படியே விட்டுவைப்பார்கள். கோடு போட்டது தனகோடியின் புருஷன் அருணகிரிதான். அப்பனுக்குச் சோறு கொண்டுவந்த அமிர்தம்கூட அந்தக் கோட்டைக் கண்டதும் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போனாள். கிடங்கைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நடக்கப் பழகும்போதே சொல்லித் தரப்படுவது.

சாயங்காலம் பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது. மூலையிலிருந்த கட்டிலிருந்து ரோமம் பிரிந்து, கோட்டைத் தாண்டி வெளியே வந்து ஒதுங்கியது. வெள்ளை வெளேரென்று, நீளமாக, தூசி இல்லாமல். கை நீட்ட ஒருவரும் இல்லை.

தனகோடி நின்றாள். கோட்டுக்கு உள்ளே அவள் பார்க்கவில்லை. வெளியே கிடந்ததை மட்டும் மடியில் அள்ளிக்கொண்டாள். வெளியே கிடப்பது வேறு கட்டிலிருந்தும் வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். துவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைத்துக்கொண்டாள். வஹீதாவிடம் கேட்கவில்லை, புருஷனிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அப்படியானால் தெரிந்தேதான் எடுத்தாளா என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. வந்த பிறகு போகவே இல்லை.

ஆற்று ஊற்றில் அலசி, பாறையில் காயவைத்தாள். தீபாவளிக்கு எடுத்துத் தைக்காமல் வைத்திருந்த சிவப்பு ரவிக்கைத் துணியில் உறை தைத்தாள். மகளை முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.

"நாத்தம் அடிக்குதா?"

"வெய்யில் வாசனை அடிக்குதும்மா" என்றாள் அமிர்தம். அவள் முகத்தை அப்படி ஒரு மலர்ச்சியோடு தனகோடி அதற்கு முன் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் மூடிய அன்று அமிர்தம் வீட்டுக்கு ஓடியே வந்தாள். டீச்சர் தலையணையைத் தூக்கிக் காட்டியதோடு விடவில்லையாம். மேஜைமேல் வைத்து, எல்லாரும் பார்க்கத் தலை சாய்த்து, கண்ணை மூடி, "இனிமே எனக்குக் கழுத்து வலியே கிடையாது" என்றாராம். கணக்குப்பிள்ளை மகளே வந்து தொட்டுப் பார்த்தாளாம்.

"இப்ப யாருடி எலுமிச்சங்கா?" என்று தனகோடி கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று அவள் மனம் நிறைந்திருந்தது. அது மட்டும் பொய்யில்லை.

விடுமுறையில் ஒருநாள் டீச்சர் வீட்டுக்குப் போய்வந்த அமிர்தம், அவர் கழுத்தில் கொப்புளம் என்றாள்.

"வெய்யில் காலம். வரும் போவும்" என்றாள் தனகோடி.

"கறுப்பா இருக்குதும்மா. சுத்தி வீங்கிக்கீது. ஆனா வலியே இல்லன்னு சொல்றாங்க."

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அருணகிரி எழுந்து உட்கார்ந்தான். மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்த ரோமம் எங்க எடுத்த?"

"கூட்டித் தள்ளினதுல."

"எந்த எடத்துல கூட்டினது?"

அவள் அடுப்பை ஊதக் குனிந்தாள். அவன் கோடு போட்ட தன் கையைப் பார்த்தான். "கோட்ட இன்னும் தள்ளிப் போட்டிருக்கணும்" என்று முனகினான். பிறகு, "யார்கிட்டயும் வாயத் தொறக்காத. டீச்சர் வீட்டுக்கே கிடங்குப் பீடை போச்சுன்னு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் பாய் வாசல்ல நிக்கவிட மாட்டார். பொண்ண ஸ்கூல்ல சேப்பாங்களா?" என்றான்.

வலி இல்லாத கறுப்புக் கொப்புளம். கிடங்கில் யாருக்கு அது தெரியாது? வஹீதாவின் கொழுந்தன் ஹபீபுக்கு வந்தபோது மேஸ்திரி அன்றே வேலூருக்கு அனுப்பிவைத்தார். எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததால் டாக்டர்கள் உடனே அறுத்து எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஹபீப் இன்றைக்கும் ஆவாரம்பட்டை மூட்டை தூக்குகிறான். சொன்னால் டீச்சர் பிழைப்பார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

மறுநாள் உச்சி வெயிலில் தனகோடி மாதாகோவிலுக்குப் பின்சந்திலிருந்த டீச்சர் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். தலையணையைப் பற்றிச் சொல்லாமல் வியாதியைப் பற்றி மட்டும் சொல்ல ஒரு வழி தேடினாள். கிடைக்கவில்லை. கிடங்குப் பக்கமே வராத டீச்சருக்குக் கிடங்கு வியாதி எப்படி வரும்?

டீச்சரின் தங்கை கதவைத் திறந்தாள். வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டிருப்பதாகச் சொன்னாள். சௌந்தரம் டீச்சர் சிவப்புத் தலையணையில் கன்னம் பதித்துப் படுத்திருந்தார். காதுக்குக் கீழே, நெருப்பில் விழுந்த புளியங்கொட்டை மாதிரி அது இருந்தது. கழுத்தும் தாடையும் ஒன்றாகியிருந்தன.

"அமிர்தத்தோட அம்மாவா? வாங்க" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"வேலூருக்குப் போய்க் காட்டுங்க டீச்சரம்மா. உடனே போங்க."

"எதுக்கு? வலியே இல்லையே. ஜுரம்தான் கொஞ்சம் பேஜார் பண்ணுது."

"இந்தத் தலகாணியக் குடுங்க. உறையத் துவச்சித் தர்றேன்."

டீச்சர் அதைக் கையால் அணைத்துக்கொண்டார். "இத மட்டும் கேக்காதீங்க. இதுல சாஞ்சாத்தான் கழுத்து இதமா இருக்குது. எத்தனை வருஷமோ வாத்தியார் வேலை பாக்குறேன், எனக்கு எங்க வலிக்குதுன்னு யோசிச்சு ஒருத்தரும் ஒண்ணு தந்ததில்லை." மூச்சு வாங்கினார். "அமிர்தத்தக் கிடங்கு வேலைக்குப் போட்டுடாதீங்க. படிக்கிற புள்ள."

வார்த்தை தனகோடியின் நாக்கு நுனிவரை வந்திருந்தது. சொல்லிவிடப்போகிறோம் என்றே அவள் நினைத்தாள். ஆனால் அந்த முகம் தன்னை இப்படிப் பார்ப்பது இதுவே கடைசியாகிவிடும் என்று தோன்றியது. புருஷன் சொன்ன காரணங்கள் எல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை. நல்லவள் என்று ஒருவர் தன்னைப் பார்க்கும் அந்தப் பார்வையை இழக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். "இல்ல டீச்சரம்மா, படிக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் தங்கையிடம் இன்னொரு முறை, "வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். தங்கை, "அக்கா கேக்கணுமே" என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் மாதாகோவில் மணி அடித்தது. கழுத்துப் பிளவை என்று ஊர் சொன்னது. அமிர்தம் சாப்பிடாமல் கிடந்தாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, பிற்பகலில், டீச்சரின் தங்கை அவர்கள் வீடு தேடி வந்தாள். கையில் சிவப்புத் தலையணை.

"அக்கா சொல்லிட்டுப் போனா. இது அமிர்தத்துக்கிட்டயே இருக்கணுமாம்."

தனகோடி அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அமிர்தம் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்து, முகத்தைப் புதைத்துக்கொண்டுவிட்டாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"கீழ போடுடி!"

"டீச்சர் வாசனை வருதும்மா."

தனகோடி பிடுங்கினாள். பெண் விடவில்லை. தாயின் மணிக்கட்டைக் கடித்தாள். அறைந்து, பறித்து, கொல்லையில் வீசிவிட்டு, மகளைத் தொட்டியருகே இழுத்துவந்து முகத்தையும் கையையும் சிகைக்காய் போட்டுத் தேய்த்தாள்.

"செத்தவங்க தலகாணி ஆவாது. தொடாத."

"ஏன் ஆவாது? நீ தானே தச்ச?"

"ஆவாதுன்னா ஆவாது!"

"நீ வேலைக்குப் போனதும் எடுத்துக்குவேன். நீ எங்க ஒளிச்சாலும் எடுத்துக்குவேன்."

எடுத்துக்கொள்வாள். தனகோடிக்கு அது தெரியும். எரிக்கவும் முடியாது; அடைப்பான் ரோமத்தைக் கொளுத்தினால் புகையோடு போய்ப் பரவும் என்று மேஸ்திரி சொல்வார். ஆழமாகக் குழி வெட்ட வேண்டும். அதற்கு அருணகிரி வர வேண்டும், கடப்பாரை வர வேண்டும். கிடங்குவரை போய்த் திரும்பும் நேரம் போதும், பெண் அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுவாள். எந்தச் சொல்லும் அவளைத் தடுக்காது. தடுப்பது ஒன்று இருந்தது.

கொல்லைச் சுவரோரம் வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டி இருந்தது. தனகோடி அதன்முன் போய் நின்றாள். பிறகு கையை உள்ளே விட்டு அள்ளினாள். குனிந்து, பின்னாலேயே நகர்ந்து, தலையணையைச் சுற்றித் தரையில் கோடு போட்டாள். நன்றாகத் தள்ளிப் போட்டாள்.

நிமிர்ந்தபோது அமிர்தம் கதவருகே நின்றிருந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது. கோட்டைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். அவள் கை தானாகப் பாவாடையைச் சேர்த்துப் பிடித்தது.

"யம்மா" என்றாள். "அந்தக் கட்டுலேர்ந்தா?"

"வெளிய கிடந்துதும்மா. கோட்டுக்கு வெளியதான்…"

தனகோடி சுண்ணாம்பு படிந்த கையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னே வைத்தாள். பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அந்தக் கைக்கு எட்டாத தூரத்தில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போனாள்.