சகாயம்மாள் எண்ணெய் போட்ட டயர்கள்

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் சகாயம்மாள் ஷோகேஸ் கண்ணாடியை நகர்த்தி, சின்ன மகன் பாஸ்கல் வாங்கி வந்த ரிமோட் காரை இரண்டு கைகளாலும் வெளியே எடுப்பாள். மாதா சொரூபத்தைத் துடைக்க ஒரு மஞ்சள் துணி. காருக்கென்று தனியாக இன்னொன்று. மூத்த மகன் ஜேசுராஜ் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

பாஸ்கல் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். தொண்ணூறாம் வருஷம் முதல் லீவில் வந்தபோது அந்தக் காரைக் கொண்டுவந்தான். சிவப்பு நிறம், ஒரு முழ நீளம், முள்ளு முள்ளாக நான்கு ரப்பர் டயர்கள். கரையான்சாவடியில் தங்கள் தெருவில் அவன் அதை ஓட்டியபோது பஸ்ஸுக்குப் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். "பத்திரமா வச்சிக்கம்மா, அடுத்த லீவுக்கு வந்து ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து கார் ஷோகேஸில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும் சகாயம்மாள் அவர்களை அதன் முன்னால்தான் நிறுத்துவாள்.

"எங்க நைனா வாங்கியாந்தது. அவன் சம்பாத்தியத்துல."

"உன் சின்னவனுக்கு இன்னா கொறச்சல்!" என்பாள் பக்கத்து வீட்டு நாகம்மா.

பெரியவனைப் பற்றி நாகம்மாவும் கேட்டதில்லை, சகாயம்மாளும் சொன்னதில்லை. ஜேசுராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின்களுக்கு ரப்பர் சீல் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான். வீட்டுக்கு அரிசி, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, மழைக்கு ஒழுகிய கூரைக்குப் புது ஓடு எல்லாம் அவன் சம்பளத்தில் வந்தவை. ஆனால் அரிசியை யார் ஷோகேஸில் வைப்பார்கள்? சின்னவனை அம்மா செல்லமாகக் கூப்பிடுவது நைனா என்று. இவன் வெறும் ஜேசு. அம்மாவுக்கு எழுதத் தெரியாததால் மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதுவதும் இவன்தான். "சாப்ட்டியா நைனான்னு எழுது" என்பாள். கடிதத்தில் பக்கத்துக்கு ஒரு முறையாவது அதைத் தன் கையாலேயே எழுத வேண்டும். எழுதும்போதெல்லாம் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தும்.

தொண்ணூற்று இரண்டில் ஈஸ்டர் முடிந்த ஒரு சனிக்கிழமை அம்மா காரைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். ஜன்னல் வெயில் பட்ட பக்கம் டயர்கள் வெளுத்து, நுணுக்கமாக வெடிப்பு விட்டிருந்தன.

"ஜேசு, நீ ரப்பர் கம்பெனில கீறியே. இந்த டயரு வெளுத்துப்போய் கீது பாரு. தேங்காண்ண போடலாமா?"

அவனுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே லேத் ஓட்டுகிற கங்காதரன் சொல்லிக்கொடுத்த பாடம்: எண்ணெய் பட்டால் இந்த மாதிரி ரப்பர் ஊதும், பிறகு பிசுபிசுத்து இற்றுப்போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்துப் பவுடர் தூவ வேண்டும், வெயில் படக் கூடாது, பாரம் டயரில் இறங்காமல் காரைக் கட்டை மேல் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"போடும்மா. நல்லாத்தான் இருக்கும்" என்றான்.

பெரிய தப்புச் செய்யப் போகிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். இது மூன்றே வார்த்தை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவு நன்றாகவே தூங்கினான்.

முதலில் டயர்கள் புதுசு போல மின்னின. "பார்த்தியா, நீ சொன்ன மாதிரியே ஆச்சி" என்று அம்மா அவனிடம் காட்டி மகிழ்ந்தாள். அந்த மகிழ்ச்சியைப் பார்க்கத்தான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போதாவது நிறுத்தச் சொல்லலாம் என்று நினைப்பான். அடுத்த நிமிஷமே அவள் காரின் மூக்கைத் தடவிக்கொண்டு, "எங்க நைனா மாதிரியே வேகம்" என்பாள். அவன் வாய் மூடிக்கொள்ளும். எண்ணெய் வாராவாரம் ஏறியது.

நவம்பரில் பாஸ்கலின் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வருகிறான். அன்று சாயங்காலம் கோயில் மைதானத்தில் காரை ஓட்டப் போகிறான், பங்கு மக்கள் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, காரைத் தயாராக்குகிறேன் என்று தூக்கினாள். டயர்கள் ஷோகேஸில் விரித்திருந்த துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. முன் டயர் இரண்டும் இட்லி போல உப்பி, அவள் விரல் பட்டதும் பிளந்தன.

சகாயம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே கெடுத்துட்டேனே. நீ கரெக்டாத்தான் சொல்லியிருப்பே, நான்தான் ஜாஸ்தியா போட்டுட்டேன் போல. கம்பெனில குட்து கேளேன் ஜேசு, எதனா பண்ண முடியுமான்னு."

மறுநாள் கங்காதரன் டயர்களைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னா மாமே, தலைக்குத் தேய்க்கறத டயருக்குத் தேய்ச்சிருக்கே? அதுவும் ரப்பர்ல வேல செய்றவன் ஊட்டுல?"

பின் டயர்களில் எண்ணெய் குறைவாகவே பட்டிருந்தது. கங்காதரன் அவற்றைச் சோப்புத் தூள் தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறப்போட்டு, காயவைத்து, பவுடர் தூவிக் கொடுத்தார். முன் டயர்களுக்கு மட்டும் வழியில்லை. சாப்பாட்டு நேரத்தில் பழைய ரப்பர் ரோலர் துண்டு ஒன்றை லேத்தில் கொடுத்து, இரண்டு சக்கரங்கள் கடைந்து தந்தார். வழுவழுவென்று, முள் இல்லாமல் இருந்தன. யாருக்கு, எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காமல் செய்கிற உபகாரம் சில சமயம் மனிதனை உள்ளே ரொம்பச் சுடும். வீட்டில் அம்மாவிடம், கங்காதரன் சரிசெய்தார் என்று மட்டும் சொன்னான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை கோயிலில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம். வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி ஜேசுராஜ் நின்றான். அவள் உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் பெஞ்சில் முழந்தாளிட்டு ஜெபமாலையை எடுத்தாள். அவன் வரிசையை விட்டு அவளருகே போனான்.

"இன்னாம்மா இவ்ளோ நேரம்?"

"டயரச் சொல்லிட்டேன். பொறத்தியான் பொருளக் கெடுத்தா பாவந்தானே? சாமியாரு சிரிச்சாரு. இதெல்லாம் பாவமாம்மான்னாரு. எனுக்குப் பாவந்தான் சாமின்னேன். ஜெபமாலைல பத்து மணி சொல்லச் சொன்னாரு."

அவன் செய்த பாவத்தை அவள் கொண்டுபோய்த் தன் பாவமாக இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்கு அபராதமாக ஜெபமாலையும் உருட்டுகிறாள். ஜேசுராஜ் பக்கத்தில் முழந்தாளிட்டான். அந்தப் பெஞ்சிலேயே, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், எல்லாவற்றையும் சொன்னான்.

சகாயம்மாளின் விரல் மணியில் நின்றது. "தெரிஞ்சேவா? ஏன்டா?"

"அவனத்தான் நீ நைனான்றே."

அவள் ஜெபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். பிறகு, "போ, வரிசைல நில்லு. உன் மொற தாண்டிடப் போவுது" என்றாள். வீடு திரும்பும் வழியில் ஒன்று மட்டும் சொன்னாள்: "தம்பி கிட்ட இத்தச் சொல்லாத. நீங்க ரெண்டு பேரும் முட்டிக்கினா என்னால தாங்க முடியாது. நான் போட்டேன், அவ்ளோதான்."

பாஸ்கல் வந்து இறங்கிய அன்றே காரைக் கேட்டான். புரட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. "இன்னாம்மா இது, முன்னாடி வேற, பின்னாடி வேற? ஒரே எண்ண நாத்தம்?"

"நான்தான் நைனா. தெரியாம எண்ண போட்டுட்டேன்."

"ஏம்மா, ரப்பர் கம்பெனிக்காரன் ஊட்லயே கீறான். ஒரு வார்த்த அவன கேக்கக் கூடாது?"

சகாயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜேசுராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இந்த நிமிஷம் கடந்துபோகும். அம்மாவே அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

"கேட்டாங்கடா" என்றான். "நான்தான் போடச் சொன்னேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சிதான்."

பாஸ்கல் காரைக் கீழே வைத்தான். "இன்னாத்துக்குண்ணே? கேட்டிருந்தா உனுக்கே குட்துட்டுப் போயிருப்பேனே."

"காருக்கில்லடா. ஒவ்வொரு கடுதாசிலயும் நீ சாப்ட்டியான்னு என் கையால எழுத வைக்கறாங்க. நான் நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்தா ஒரு நாளு கேட்டிருப்பாங்களா?"

"டேய்" என்றாள் சகாயம்மாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நீ தட்டுல கை வைக்கற வரிக்கும் எதுருல குந்திகினு கீறேன். தின்றவன் மூஞ்சிய பாத்துகினே சாப்ட்டியான்னு கேப்பாங்களா? அவன் தின்னானா இல்லியான்னு எனுக்கு எப்டிடா தெரியும்?"

பாஸ்கலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கோபத்தோடு சிரித்ததால் புரையேறிவிட்டது. ஜேசுராஜ்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஆனாலும் இரண்டு நாள் தம்பி அவனோடு சரியாகப் பேசவில்லை. அதுவும் நியாயந்தான்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் கார் ஓடியது. மண்ணில் முன் சக்கரங்கள் வழுக்கி, இடது பக்கம் திருப்பினால் நேராகப் போனது. "கிரிப்பே இல்லண்ணே!" என்று பாஸ்கல் கத்தினான். "சிமெண்ட்டுத் தரைக்குக் கொண்டா!" என்று ஜேசுராஜ் கத்தினான். அம்மா தம்பிக்காகக் கை தட்டியபோது அவனுக்கு உள்ளே சுருக்கென்றது. அது ஒரே நாளில் போகிற வியாதி இல்லை. ஆனால் இந்த முறை அது வந்ததும் இன்னது என்று அவனுக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்ததால் அவனும் கை தட்டினான்.

ஜனவரியில் கிளம்பும்போது பாஸ்கல் டயர்களைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தான். "நீயே பாத்துக்க. புதுசு கெடைச்சா அனுப்பறேன்."

சகாயம்மாளின் முகம் சுருங்கிப் போனது. அந்தச் சுருக்கம் எப்படிப்பட்டதென்று ஜேசுராஜுக்குத் தெரியாதா? தம்பியை ஏற்றிய வண்டி போனதும் இரண்டு டயர்களை அவள் மடியில் வைத்தான்.

"இது ரெண்டும் உன் பொறுப்பும்மா. எதுனா சந்தேகம்னா என்னக் கேளு."

அவள் டயர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கேக்கறேன்" என்றாள். "கேட்டுட்டு, அந்தக் கங்காதரனையும் ஒரு வாட்டி கேட்டுக்கறேன்."

"கேட்டுக்கம்மா" என்றான் ஜேசுராஜ்.