யாரும் இல்லாத கிரகம்

மழை விட்டபாடில்லை. மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பால்வெட்டு இல்லாத நாளில் மூக்கையா தோட்டத்து வரிசைவீடான லயத்தை விட்டு இறங்குவதும் இல்லை. அப்படிப்பட்டவர் பஸ் ஏறி யட்டியாந்தோட்டை டவுனுக்கு வந்து, மகள் வேலை செய்யும் கடைவாசலில் குடையை உதறிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் ஜீவராணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"வெடிப்பு பெருசாயிருச்சாப்பா?"

"கை உள்ள போகுது. தோட்டத்துத் தொரை வந்து பாத்தாரு. நாளைக்குள்ள லயத்தைக் காலி பண்ணணுமாம்."

"எங்க போறதாம்?"

"அதை அவரு சொல்லல."

லயத்துக்குப் பின்னால் மலையில் விழுந்த வெடிப்பு அது. தோட்டத்தில் வேறு காம்பரா, ஓர் அறைகூடக் காலியில்லை. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே மேல் டிவிஷனிலிருந்து காலிபண்ணி வந்த சனம் படுத்திருந்தது. சொந்தக்காரர்கள் என்று போனால் அவர்களும் லயத்துக்காரர்கள்தான். காலை நீட்டவே அங்கே இடமில்லை.

அவளுடைய முதலாளி புவாட்டின் கம்யூனிகேஷன் கடை அது; போன் பேசவும் போட்டோகாப்பி எடுக்கவும் ஆள் வராத நேரம். ஜீவராணியின் கம்ப்யூட்டரில் விளையாட்டு திறந்தபடி இருந்தது. மறைக்க அவகாசமில்லை. மூக்கையா பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

புவாட்டின் தம்பி கொழும்பிலிருந்து கொண்டுவந்து போட்ட விளையாட்டு. ஒரு சின்னக் கப்பலும் கணக்கில்லாத நட்சத்திரங்களும். சரக்கு ஏற்றலாம், சண்டை போடலாம், சும்மாவும் மிதக்கலாம். ஜெயிப்பதோ முடிவதோ கிடையாது. என்ன செய்வதென்று அது சொல்லித்தருவதே இல்லை என்று அந்தத் தம்பி சீக்கிரமே கைவிட்டுவிட்டான். ஜீவராணிக்குப் பிடித்ததே அதுதான். வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் வரிசையாக நின்று, இன்றைக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்தவள் அவள்.

"இது எந்த ஊரு?"

"ஊரு இல்லப்பா, வேற கிரகம். வெளையாட்டு."

"தொரை யாரு?"

"யாரும் இல்ல."

"கங்காணி?"

"ஒருத்தருமே இல்லப்பா. நமக்குப் புடிச்ச எடத்துல எறங்கலாம்."

கவுண்டரில் இருந்த புவாட் சிரித்தான். "அண்ணே, ஒங்கட மகள் ஒவ்வொரு நாளும் ஒரு கிரகம் புடிக்கிறா. எனக்கும் ஒரு கடைக்கு எடம் வாங்கித் தரச் செல்லுங்க."

மூக்கையா சிரிக்கவில்லை. "எறக்கு, பாப்போம்," என்றார்.

அவள் இறக்கினாள். பழக்கத்தில் மலையடிக்கே கொண்டுபோனாள்.

"மேட்டுக்குக் கீழ வேணாம்."

வெட்டவெளிக்குத் திருப்பினாள்.

"தண்ணி தூரமால்ல இருக்கு."

ஆற்றோரம் போனாள். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்றார். மேட்டு உச்சியில் நிறுத்தியபோது, "இங்க பஸ்ஸு வராதே," என்றார்.

"அப்ப நீங்களே சொல்லுங்கப்பா. எங்க வேணும் ஒங்களுக்கு?"

அவர் விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கிரகம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. விரல் அங்கேயும் இங்கேயும் தடுமாறி, எதையும் தொடாமல் நின்றது. எங்கே இருக்க ஆசை என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

"எனக்கென்னம்மா தெரியும்," என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பின்னால சாமான் போடுற ரூம் இருக்குல்ல. மொதலாளிகிட்ட கேட்டுப் பாரேன். நீயும் அம்மாவும் படுத்தா போதும். நான் எங்கயாச்சும் இருந்துக்கிருவேன்."

வெடிப்பு விழுந்த நாளிலிருந்து ஜீவராணியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. இப்போது எழுந்து போய்க் கேட்டாள்.

புவாட் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடினான், திறந்தான்.

"கட்டடம் என்ட இல்லயே ராணி. ஆள் தங்குறதுக்கு கட்டடக்காரர் விடவே மாட்டார். என்ட மச்சானையே படுக்க விடல்ல. கேக்கிறேன், கேக்காம ஈக்க மாட்டேன். ஆனா மனுஷன் ஊர்ல இல்ல."

"பரவால்ல நானா," என்றாள், அவன் தம்பி அவனைக் கூப்பிடுவதுபோலவே.

அவன் மனசார வருந்துகிறான் என்று தெரிந்தது. அதனால் அவளுக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

கப்பல் மேட்டு உச்சியிலேயே நின்றது. அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். அவர்கள் பேசியது காதில் விழுந்தும் விழாததுபோல் அப்பா குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஈரச் சட்டைகளின் வாடை. இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. எங்கே போகவேண்டும் என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டான்.

"கொஹாட்டத?"

மூக்கையா மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்தாள். கண்டக்டர் விரலால் கம்பியைத் தட்டி மறுபடியும் கேட்டான்.

"வத்தட்ட, மாத்தயா," என்றார் மூக்கையா. "தோட்டத்துக்குத்தான்."

கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தான்.