நான் ஒட்டிய சுவர்

நான் ஒட்டிய காகிதம் சுவரைவிட்டுக் கழன்றுவிட்டது என்று சொல்ல, பூசான் நகரம் முழுக்கச் சலித்தாலும் ஓர் ஆள் கிடைக்கமாட்டார். தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் பெயர் பியோ கும்ரான். பதின்மூன்று வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சுவருக்குக் காகிதம் ஒட்டித்தான் சாப்பிடுகிறேன். ஒரு சுருளும் அடுத்த சுருளும் சேருகிற இடம் விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, அதுவும் அறையைக் காலி செய்கிற அன்றைக்கு, வண்டிக்காரர் காதில் விழுகிற மாதிரி, "உனக்கு ஒட்டத் தெரியலடி" என்று ஒருத்தி சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

சொன்னது வீட்டுக்காரி சுன்பூன் பெரியம்மா. யோங்தோ மலைச்சரிவில், பஸ் ரோட்டிலிருந்து எண்பத்தாறு படி ஏறினால் வருகிற வீடு. முன் அறையில் அவள், பின் அறையில் நான், நடுவில் இரண்டு பேருக்கும் ஒரே அடுப்படி. மூன்று வருஷம் அவள் குழம்பை நானும் என் குழம்பை அவளும் குறை சொல்லிக்கொண்டே குடித்தோம். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். ஆனால் கஞ்சி வேறு, அட்வான்ஸ் வேறு.

அட்வான்ஸ் முப்பது லட்சம் வொன். காலி செய்கிற அன்று கையில் வாங்கி, அன்றைக்கே புது இடத்துக்காரரிடம் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும். புது இடம் என்றால் வெறும் அறை இல்லை, கடை. இரண்டு வளைவு கீழே, முன்னால் கடையும் பின்னால் படுக்க ஓர் இடமும். 'பியோ சுவர்க் காகிதம்' என்று வாசலில் பலகைகூட மாட்டியாகிவிட்டது. யாரோ ஒரு மேஸ்திரியின் கீழ் இத்தனை காலம் ஓடியவள் முதல்முறையாக என் பெயரில் வேலை எடுக்கப் போகிறேன்.

வண்டிக்காரர் மா அண்ணன் எண்பத்தாறு படியும் இறங்கி ஏறிச் சாமான் எல்லாவற்றையும் இறக்கியிருந்தார். அறையில் பாக்கி ஒன்றும் இல்லை. அலமாரி நின்ற இடத்தைப் பார்த்ததும் பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயய்யோ! என்னடி இது, கரிச்சட்டி மாதிரி?"

பின்சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

"சுவர்ல ஈரம் இருக்கு பெரியம்மா."

"எந்தச் சுவர்ல? என் சுவர்லயா? நாப்பத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், என் சுவருக்கு ஒரு சீக்கும் கிடையாது. நீ ஜன்னலைத் திறக்கமாட்ட. மழைக்காலத்துல துணிய உள்ளேயே காயப்போடுவ. ஆறு லட்சம் பிடிச்சுக்குறேன்."

"ஆறா? ஜன்னலைத் திறந்தா உங்க பூனை உள்ள வருது, மூடுடின்னு கத்துனது யாரு?"

"பூனைய விடு. இந்தக் காகிதத்தை ஒட்டுனது யாரு?"

"நான்தான்."

"ஒட்டி மூணு வருஷத்துல கறுத்துப்போச்சு. அப்போ உனக்கு ஒட்டத் தெரியலடி. அவ்வளவுதான் கணக்கு."

வாசலில் வியர்வை துடைத்துக்கொண்டு நின்ற மா அண்ணன் துடைப்பதை நிறுத்திவிட்டார். இந்த மனிதர்தான் இந்த மலையில் காகிதம் ஒட்டுகிற அத்தனை பேருக்கும் ஏணியும் பசை வாளியும் சுமந்துபோகிறவர். அவர் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

"பெரியம்மா, பணத்தைப் பிடிங்க, வேணாம்னு சொல்லல," என்றேன். நானே எதிர்பார்க்காத அளவு நிதானமாகத்தான் சொன்னேன். "ஜன்னலை உடைச்சேன்னு சொல்லிப் பிடிங்க. மூணு வருஷம் உங்க கிம்ச்சியத் திருடித் தின்னேன்னு சொல்லிப் பிடிங்க. ஒட்டத் தெரியலன்னு மட்டும் சொல்லி ஒரு வொன் பிடிக்க விடமாட்டேன்."

"அடேங்கப்பா! நாளைக்குச் சந்தையில யாராவது, 'கும்ரான் கடை தொறந்திருக்காளே, எப்படி ஒட்டுவா'ன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? பொய் சொல்ல எனக்கு வராது. என் வீட்டுச் சுவர் கறுத்துப்போச்சுன்னுதான் சொல்லுவேன்."

சொல்லுவாள். சந்தையில் அவள் வாய்க்கு மீறி ஒரு நெத்திலிகூட விலைபோகாது. பலகை மாட்டி நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் அதைக் கழற்ற வேண்டியதுதான்.

"மா அண்ணே, என் கத்திப் பெட்டிய எடுத்துட்டு வாங்க."

"தங்கச்சி, அது வண்டியில அடியில கிடக்கு. மேல உன் பீரோ, அதுக்கு மேல உன் மெத்தை..."

"எடுத்துட்டு வாங்கன்னேன்ல!"

அவர் முனகிக்கொண்டே இறங்கிப்போனார். "சுவரைக் கிழிச்சா அதுக்கும் சேர்த்துப் பிடிப்பேன்" என்றாள் பெரியம்மா. பிடியுங்கள் என்றேன்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வீறாப்பாகக் கத்தி கேட்டுவிட்டேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் உதறல். ஒட்டுவதற்கு முன் பழைய காகிதத்தைச் சுவர் தெரிய உரிக்க வேண்டும், உள்ளங்கையை வைத்து ஈரம் பார்க்க வேண்டும், காயவிட வேண்டும், அடிக்காகிதம் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் மேல்காகிதம். இதெல்லாம் செய்யாமல் பழையதன் மேலேயே ஒட்டிவிட்டுப் போகிறவனை நாங்கள் ஆளாகவே மதிக்கமாட்டோம். மூன்று வருஷம் முன்னால், குடிவந்த ஞாயிற்றுக்கிழமை, நான் செய்தது அதேதான். "தூசி கிளப்பாதடி, கீழ இருக்கிறதை நான் சுத்தமாத் துடைச்சு வச்சிருக்கேன்" என்று பெரியம்மா சொன்னாள். கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. எனக்குத் தெரியும். ஆறு நாள் ஊரார் சுவரில் உழைத்த அலுப்பு, நம் அறைதானே என்ற அலட்சியம். ஒட்டிவிட்டேன்.

இப்போது கிழித்தால் சுவரின் குற்றமும் வெளியே வரும், என் குற்றமும் வெளியே வரும். கிழிக்காவிட்டால் ஆறு லட்சத்தோடு போகும், ஆனால் ஒட்டத் தெரியாதவள் என்ற பேரோடு போகவேண்டும். செய்யாத குற்றத்தைச் சுமப்பதைவிடச் செய்த குற்றத்தைச் சுமப்பது மேல் என்று தோன்றியது. கத்தி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரே கீறாகக் கீறினேன்.

என் சாம்பல் நிறக் காகிதம் பட்டையாக உரிந்து வந்தது. அதற்கடியில் பச்சை இலை போட்ட காகிதம்.

மா அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, மேலேயே ஒட்டியிருக்க?"

காது மடல் சுட்டது. "ஆமா அண்ணே. மேலேயேதான் ஒட்டியிருக்கேன்."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று பெரியம்மா குதித்தாள். "அவ வாயாலேயே சொல்லிட்டா!"

"குதிக்காதீங்க, இன்னும் இருக்கு. இந்தப் பச்சை இலை யாரு காலத்துல ஒட்டுனது?"

"ம்ம், உனக்கு முன்னாடி இருந்தானே, கப்பல் பட்டறையில வெல்டர், கூ. அவன் காலத்துல."

பச்சை இலையிலும் அதே இடுப்பு உயரத்தில் அதே கறுப்பு. அதை உரித்தேன். சிவப்புச் சின்னப் பூ வந்தது, கறுப்பு இன்னும் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

"இது?"

"நர்ஸுக்குப் படிச்ச பொண்ணு. ஓக்சில்." பெரியம்மா குதிப்பதை நிறுத்தியிருந்தாள்.

சிவப்புப் பூவின் கீழே நீலக் கோடு. அதிலும் கறுப்பு. அது மீன் வலை பின்னுகிற ஒரு தம்பதி இருந்தபோது ஒட்டியது என்றாள். இப்போது குரல் பாதியாகிவிட்டது.

"கூ கிட்ட அட்வான்ஸ்ல பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன்."

"ஓக்சில் கிட்ட?"

"அவ துணிய உள்ள காயப்போடுவாடி..."

"பிடிச்சீங்களா இல்லையா?"

"பிடிச்சேன். படியில உக்காந்து அழுதா. நாடகம் போடுறான்னு நினைச்சேன்."

வலை பின்னியவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளே ஒரு துள்ளல் வந்தது, மறைக்க மாட்டேன். ஒவ்வொரு ஆளிடமும் பணத்தைப் பிடித்து, உரிக்காமலே அடுத்ததை ஒட்டவைத்து, அடுத்த ஆளிடம் அதே கறைக்குப் பிடித்திருக்கிறாள். தெரிந்து செய்ததில்லை. ஒவ்வொருத்தரும் சோம்பேறி என்று நிஜமாகவே நம்பியிருக்கிறாள். அதுதான் எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நீலக் கோட்டின் கீழே பழைய செய்தித்தாள். அந்தக் காலத்தில் அடிக்காகிதத்துக்குக் காசு இல்லாதவர்கள் செய்தித்தாள்தான் ஒட்டுவார்கள். அதிலும் தரையிலிருந்து அதே கறை. கத்தி முனையால் ஒரு மூலையைச் சுரண்டினேன், பூச்சு ஈரமண்ணாக உதிர்ந்தது. உள்ளங்கையை வைத்தேன். எடுத்து மா அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். கையிலிருந்து சொட்டியது.

"மலைத்தண்ணி," என்றார் அவர். "மலையோட ஒட்டி வச்சுக் கட்டுன சுவரு. மழைக்கு மழை ஊறத்தான் செய்யும். இதுக்கு யாரு ஒட்டுனாலும் இதே கதிதான்."

எனக்கு அது போதும். ஊர் காதில் விழுந்தாகிவிட்டது. பெரியம்மாவிடம் திரும்பி, "இப்ப சொல்லுங்க, எனக்கு ஒட்டத் தெரியாதா?" என்று கேட்க வாயெடுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அது எங்க வீட்டுக்காரர் ஒட்டுனதுடி," என்றாள், செய்தித்தாளைக் காட்டி. "கல்யாணத்துக்கு முந்தின வாரம், என்னைக் கூட்டிட்டு வர்றதுக்காக, அவரே உக்காந்து ஒட்டுனாரு. இதுதான் எங்க முதல் அறை. ஆறே மாசத்துல கறுத்துப்போச்சு. ஒரு காகிதம் ஒட்டத் துப்பில்லாத ஆம்பளைக்கு வாக்கப்பட்டேனேன்னு சொன்னேன். அன்னைக்குச் சொன்னதோட விட்டேனா? அவரு எதைக் கையில எடுத்தாலும், 'விடுங்க, நீங்க காகிதம் ஒட்டுன லட்சணந்தான் தெரியுமே'ன்னு... ஆஸ்பத்திரியில கிடந்தப்பக்கூட, மாத்திரை டப்பாவைத் திறக்க வரல அவருக்கு, அப்பவும் சொன்னேன்."

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"சிரிப்பாரு."

மா அண்ணன் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது சுவர் ஒன்றுதான். அதனால் முழங்காலில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பார்த்தேன். வேலையாள் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளும் அடுத்ததன் மேல் இரண்டு விரல் அகலம் ஏறியிருந்தது, எல்லா இடத்திலும் அதே இரண்டு விரல். மூலையில் வெட்டாமல் மடித்துத் திருப்பியிருந்தார். கறை ஏறாத மேல்பக்கத்தில் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். ஓரம் அசையவில்லை.

"பெரியம்மா, இங்க வாங்க. இதைத் தொட்டுப் பாருங்க."

"என்ன?"

"ஓரத்தை. நாப்பத்திரண்டு வருஷம், ஈரச் சுவர்ல நின்னுருக்கு. மேல நாலு காகிதம் சுமந்திருக்கு. இன்னும் பிரியல. பசைய நல்லாக் காய்ச்சியிருக்காரு, குமிழி ஒண்ணுகூட இல்ல. நான் வேலை பார்த்த கோஷ்டியில இப்படி ஒட்டுறவங்க நாலு பேர் இருந்தா அதிகம். உங்க வீட்டுக்காரருக்கு நல்லாவே ஒட்டத் தெரிஞ்சிருக்கு."

பொய் சொல்லவில்லை. வேலை விஷயத்தில் நான் செத்தவருக்காகவும் பொய் சொல்ல மாட்டேன். பெரியம்மா அந்த ஓரத்தை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அவள் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் போனைக் குத்தத் தொடங்கினாள். "முப்பதும் போடுறேன். போ."

"ஒரு சுருள் விலையைக் கழிச்சுட்டுப் போடுங்க."

"என்னது?"

"சில்லுன்னு இருக்குன்னு தெரிஞ்சும் மேலேயே ஒட்டுனேன். அன்னைக்கே உரிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு. கழிங்க."

"கிறுக்கச்சி! ஆறு லட்சத்துக்கு அந்தக் குதி குதிச்ச, இப்ப நானே விட்டும் கழிங்குற?"

"அது நான் செய்யாததுக்கு. இது செஞ்சதுக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "கூவோட நம்பர் என்கிட்ட இருக்கு. ஓக்சில் நம்பரைத்தான் தேடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு சுருள் விலையைக் கழித்துப் பணத்தை அனுப்பினாள். ஒரு வொன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எண்பத்தாறு படியும் இறங்கி வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மேலே மதில் ஓரமாக, கூடையோடு படியேறிய கருவாட்டுக்காரியை மறித்து நிறுத்திப் பெரியம்மா கத்துவது கீழ்வரை கேட்டது.

"கும்ரான் கீழ கடை போடுறா, தெரியுமா? உன் வீட்டுச் சுவரை அவகிட்டயே குடு. அவ ஒட்டுனா ஒட்டுனதுதான்! ஆனா பழசை உரிச்சுட்டு ஒட்டச் சொல்லு, இல்லேன்னா கூலிய பிடிச்சுக்க!"

மா அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க," என்றேன். "சரியாத்தானே சொல்லுறா. வண்டிய எடுங்க."